கண்ணியும் இழைப்பின்னலும்

பொதிய மலையின் பாறைகளினூடே வீழ்ந்தும் தவழ்ந்தும் வரும் பொருநையாறு, மலையை விட்டுச் சமவெளியில் அடிவைக்கும் இடத்தில் அமைந்த ஊர் பாபநாசம். ஆடி அமாவாசையன்று பல ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கு வந்து ஆற்றில் நீராடிப் பாபநாசநாதரையும் உலகம்மையையும் வழிபட்டுச் செல்வர். கோயிலுக்குச் செல்வோர் பூக்கடையின் அருகே சிறிது நின்று நோக்குவாராயின், அங்கு நடைபெறும் ஒரு கைத்தொழிலின் நுட்பத்தைக் காணலாம். பூத்தொடுப்பவர் நாரை இடக்கையிற் பிடித்து, இரண்டு பூக்களை ஒரு பக்கமும் இரண்டு பூக்களை மறுபக்கமும் காம்புகள் பொருந்த வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளைத்து, சுருக்கிட்டு இழுக்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டுத் தொடங்குகிறது. ஊசி இல்லை, தறி இல்லை, பத்து விரல்களும் ஒரு நாருமே கருவிகள்.

இவ்வாறு முடிச்சால் ஆகிய பூந்தொடையலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்று கண்ணி என்பது. தலையிற் சூடுவதைக் கண்ணி என்றும் மார்பில் அணிவதைத் தார் என்றும் அவர்கள் பிரித்து வழங்கினர். அதே கண்ணி என்னும் சொல், பறவைகளைப் பிடிக்க வேடன் வைக்கும் சுருக்குக் கயிற்றையும் குறிக்கும். வலையின் துளையைக் கண் என்கிறோம்; சல்லடையின் துளையும் கண்ணே. நூல் வளைந்து ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்துகொள்ளுமிடமெல்லாம் தமிழர் ஒரு கண்ணைக் கண்டனர் போலும்.

இச்சொற்களை நினைவிற் கொண்டு, மேலை நாட்டுக் கைவேலைகளைப் பற்றிய ஒரு வழக்கை ஈண்டு ஆராய்வோம். வழக்கு இதுதான்: டாட்டிங் எனப்படும் முடிச்சு வேலை, லேஸ் எனப்படும் இழைப்பின்னலின் இனத்தைச் சேர்ந்ததா, அன்றா? கேட்போர்க்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு தொழிலுக்கு எப்பெயர் வழங்குகிறது என்பதைப் பொறுத்து, அத்தொழில் செய்வோரின் மதிப்பும் சில சமயங்களில் அவர்தம் கூலியும் அமைந்து விடுகின்றன. ஆதலின் இவ்வினா சிறிதன்று.

முதலில் டாட்டிங் என்பது யாது எனக் காண்போம். நெசவாளர் தறியில் ஓட்டும் நாடாவை அனைவரும் அறிவர். அதே வடிவில், பெருவிரலளவே நீளமுள்ள ஒரு சிறு நாடா இதற்குரிய கருவி. அதனுள்ளே நூல் சுற்றப்பட்டிருக்கும். வேலை செய்பவர் நூலின் நுனியை இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, நூலை மற்ற விரல்களைச் சுற்றி ஒரு வளையமாக அமைப்பார். பிறகு வலக்கையிலுள்ள நாடாவை அவ்வளையத்தின் கீழே செலுத்தி மேலே வாங்கி இழுப்பார். அடுத்து, மேலே செலுத்திக் கீழே வாங்கி இழுப்பார். இவ்விரண்டு பாதியும் சேர்ந்தது ஒரு முடிச்சு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாடா நூல் வளைய நூலைச் சுற்றிக்கொள்ளுவது இயல்பு. ஆனால் வேலை செய்பவர் இடக்கை விரல்களைத் தளர்த்தி, நாடா நூலைச் சட்டென்று விறைப்பாக இழுத்தவுடன், முடிச்சு இடம் மாறிவிடும். அதுகாறும் சுற்றிய நூல் நேராகும். நேராயிருந்த நூல் சுற்றிக்கொள்ளும். அங்ஙனம் மாறினால்தான் முடிச்சுகள் நடு நூலின்மேல் வழுக்கி நகரும். நகர்ந்தால்தான் இறுதியில் நாடா நூலை இழுத்து வளையத்தை மூட முடியும். புதிதாகக் கற்பவர்க்கு இந்த மாற்றம் எளிதில் கைவருவதில்லை. நூல் சிக்கும், வளையம் மூடாது, பொறுமை சோதிக்கப்படும். ஒருமுறை விரல்கள் அதனை உணர்ந்துகொண்டாலோ, கண் பாராமலே கை அதனைச் செய்யும்.

முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே சிறிது நூலைத் தளரவிட்டுப் பின் நெருக்கினால், அந்நூல் ஒரு சிறு காதுபோல வளைந்து நிற்கும். அழகுக்கு மட்டுமன்றி, ஒரு வளையத்தை மற்றொரு வளையத்தோடு இணைப்பதற்கும் அக்காதே வாயில். தொடக்கக் காலத்தில் வளையங்களைத் தனித்தனியே முடித்து, ஊசிகொண்டு தைத்து இணைத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நூலைக் காதின் வழியே இழுத்து வேலையின் போக்கிலேயே இணைக்கும் முறை வழக்கிற்கு வந்தது. அக்காலத்தில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ரீகோ அம்மையார் என்பவர் இக்கைவேலைக்குரிய மாதிரிகளை நூல்களாக வெளியிட்டுப் பரப்பினார். 1886-இல் தெரேஸ் த தில்மோன் அம்மையார் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியத்திலும் டாட்டிங் இடம்பெற்றது.

இனி, மறுப்போர் கூற்றைக் கேட்போம். கைவேலை வரலாற்றை ஆராய்ந்தோருள் ஒரு சாரார், மெய்யான லேஸ் இரண்டு வகையே என்பர். ஒன்று ஊசியாற் செய்வது. மற்றொன்று சிறு கட்டைகளாற் செய்வது.

ஊசி லேஸ் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில், சிறப்பாக வெனிசு நகரில், ஓங்கி வளர்ந்தது. அதற்கு முன்னர்த் துணியில் துளைகளை வெட்டியும் இழைகளை உருவியும் அவற்றின் ஓரங்களைத் தைத்து அழகு செய்தனர். நாளடைவில், துணியே இல்லாமல் வெறும் நூலைக்கொண்டே அவ்வேலையைச் செய்யத் துணிந்தனர். தோலின்மீது கோடு வரைந்து, அக்கோட்டின்மேல் நூலை நிறுத்தி, அந்நூலைப் பற்றிக்கொண்டு தையலின்மேல் தையலாக நிரப்பி, இறுதியில் அடித்தோலை நீக்கிவிடுவர். எஞ்சுவது நூலும் வெளியுமே. இத்தாலியர் இதற்குக் ‘காற்றில் இட்ட தையல்’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். பெயரிடுவதில் அவர் கொண்ட இன்பம் போற்றத்தக்கது.

கட்டை லேஸோ வேறு வகையானது. உருண்ட திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாளை விரித்து, துளைகளிற் குண்டூசிகளைக் குத்தி, பாபின் எனப்படும் சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை இணையிணையாகக் குறுக்கிட்டும் முறுக்கியும் பின்னிச் செல்வது. கூந்தலை மூன்று காலாகப் பிரித்துப் பின்னுவதைப் போன்றதே இதுவும்; ஆனால் இங்குக் கால்கள் பலவாகும்.

இக்கட்டை லேஸ் நெல்லைச் சீமைக்குப் புதியதன்று. நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெண்பிள்ளைகளுக்குக் கல்வியோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். அவர் மகள் எலிசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அறிஞரை உலகம் அறியும். அவர் இல்லத்தரசியார், தம் தாயிடம் கற்ற லேஸ் பின்னலைப் பனங்காட்டு மணல்தேரியின் நடுவே இருந்த பெண்களுக்குக் கற்பித்ததைப் பலர் அறியார். தாய் தந்தையர் இங்கிலாந்தினராயினும் எலிசா அம்மையார் தென்னாட்டிலேயே பிறந்தவர். தமிழை நன்கு பேசக்கூடியவர்.

அந்நாளைய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாகர்கோவில் அப்பொழுது திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. அந்நாட்டில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. தாழ்த்தி வைக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்த பெண்கள் மேலாடை அணிதல் கூடாது என்னும் கொடிய தடை அங்கு நிலவியது. நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர், 1859-இல் அரசன் விடுத்த ஆணை அதனை ஓரளவே தளர்த்தியது. தம் தோளை மூடிக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், பெண்களின் விரல்கள் கடல் கடந்த நாட்டுச் சீமாட்டியரின் கழுத்துக்கும் கைக்கும் அணியாகும் லேஸைப் பின்னக் கற்றன. கைவேலை என்பது பொழுதுபோக்கு என்று கூறுவோர் இந்த நிகழ்ச்சியை மறத்தலாகாது.

இவ்விரு வகையையும் மெய் லேஸ் என்பதில் யார்க்கும் மறுப்பில்லை. டாட்டிங்கைத் தள்ளுவோர் கூறும் காரணங்கள் யாவை? ஊசியும் இல்லை, கட்டையும் இல்லை என்பது ஒன்று. வெறும் முடிச்சே, பின்னலும் அன்று, தையலும் அன்று என்பது மற்றொன்று. பூக்களையும் கொடிகளையும் தாங்கி நிற்கும் மெல்லிய வலைத்தளம் இதற்கு இல்லை என்பர். பழமை இல்லை என்பதும் அவர் கூற்று.

கருவியைக்கொண்டு இனத்தை வரையறுத்தல் பொருந்துமா? பாபநாசத்துப் பூக்கடைக்கே மீண்டும் செல்வோம். ஊசியாற் கோத்த பூவைக் கோவை என்கிறோம். நாராற் கட்டியதைத் தொடையல் என்கிறோம். கோத்ததே மெய்யான மாலை, கட்டியது போலி மாலை என்று எவரும் உரைத்ததில்லை. இரண்டும் மாலையே. மேலும், மறுப்போர்தம் கூற்றே அவர்களுக்கு எதிராக நிற்பதையும் காணலாம். கருவி ஒன்றே இலக்கணமாயின், ஊசி லேஸும் கட்டை லேஸும் ஓரினமாதல் எங்ஙனம்? ஒன்று ஒற்றை ஊசியும் ஒற்றை நூலும் கொண்டு செய்வது. மற்றொன்று ஒரே சமயத்தில் பல கட்டைகளைக் கையாள்வது. கருவியாலும் செய்முறையாலும் அவை இரண்டும் தம்முள் நெடுந்தொலைவு வேறுபட்டவை. அவற்றை ஓரினமாக்குவது, துணியின் துணையின்றி நூலே தன்னைத் தாங்கி, இடையிடையே வெளிவிட்டு, அவ்வெளியையே அழகாக்கி நிற்கும் தன்மை. அத்தன்மை டாட்டிங்கிற்கும் உண்டு.

‘வெறும் முடிச்சு’ என்னும் இரண்டாம் காரணம் இதனினும் வலியற்றது. ஊசி லேஸின் உயிராயிருப்பது எத்தையல்? சட்டையில் பொத்தான் துளையின் ஓரத்தில் தையற்காரர் இடும் காஜாத் தையலே அது. காஜாத் தையலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், ஒரு நூலின்மேல் மற்றொரு நூல் வளைந்து, தன் வளைவினூடே தானே நுழைந்து இறுகியிருப்பது தெரியும். டாட்டிங் முடிச்சின் ஒரு பாதியும் அதுவே. மறு பாதி, அதே வளைவு எதிர்முகமாகத் திரும்பியது. ஆகவே வெனிசு நகரத்தார் ஊசியால் இட்ட வளைவை, டாட்டிங் செய்பவர் நாடாவால் இரட்டையாக இடுகிறார். ஊசியின் துளை வழியே வந்தால் தையல், நாடாவின் வயிற்றிலிருந்து வந்தால் முடிச்சு என்பது சொல் வேறுபாடேயன்றிப் பொருள் வேறுபாடு ஆகாது.

வலைத்தளம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது குறையெனக் கொள்ளுதற்கில்லை. வெனிசு நகரத்துத் தடித்த ஊசி லேஸ் வகைகள் சிலவற்றிலும் வலைத்தளம் இல்லை. இங்குமங்குமாக இட்ட நூற்பாலங்களே உருவங்களை இணைக்கின்றன. பழமையைப் பற்றியோவெனின், நாடாவைக்கொண்டு நூலில் முடிச்சிடும் வேலை 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலேயே ஐரோப்பிய அரண்மனைகளில் பரவியிருந்தது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள் அடலெய்டு, கையில் நாடாவோடு முடிச்சிட்டுக்கொண்டிருக்கும் கோலத்தை 1756-இல் நத்தியே என்னும் ஓவியர் தீட்டியுள்ளார். எனினும் அந்த வேலை முடிச்சுக் கயிறு ஒன்றை ஆக்கி, அதனைத் துணியின்மேல் வைத்துத் தைப்பதோடு நின்றது. அதனை லேஸ் என்றல் பொருந்தாது. அது துணியைச் சார்ந்தே வாழ்ந்தது. வளையமும் காதும் இணைப்பும் கைகூடிய 19-ஆம் நூற்றாண்டில்தான் அது துணியை விட்டுத் தனித்து நின்றது. இந்த அளவில் மறுப்போர் கூற்றை ஏற்கலாம்: டாட்டிங் பழமையானதன்று. ஆனால் இளையது என்பதனாற் பிள்ளை குடும்பத்தினின்றும் நீக்கப்படுமோ?

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இவ்வகை வழக்கு புதிதன்று. பனை மரமா, புல்லா? தொல்காப்பியர் மரபியலில், வெளிப்புறம் வயிரமுடையதைப் புல் என்றும், உட்புறம் வயிரமுடையதை மரம் என்றும் வகுத்தார். அதன்படி பனையும் தென்னையும் புல்லாகும். இக்காலத்துப் பயிர்நூலாரும் பனையைப் புல்லும் நெல்லும் அடங்கிய ஒருவித்திலைப் பெருவகுப்பிலேயே சேர்ப்பர். நாம் மாவிலை என்கிறோம். பனையிலை என்பதில்லை, பனையோலை என்றே கூறுகிறோம். தொல்காப்பியர் கண்ட வேற்றுமை இன்றும் நம் நாவில் வாழ்கிறது. அங்ஙனமாயினும் பனைமரம் என்று கூறாதார் உண்டோ? பிற்கால இலக்கண ஆசிரியர்களும், மரம் என்பதை இடுகுறிப் பொதுப்பெயருக்கும் பனை என்பதை இடுகுறிச் சிறப்புப்பெயருக்கும் சான்றாகக் காட்டினர். உள்ளமைப்பை நோக்கியபோது புல். ஓங்கி நின்று பயன் தருவதை நோக்கியபோது மரம். இரண்டு கூற்றும் தத்தம் இடத்தில் உண்மையே. இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் கற்பித்த மண்ணும் பனை ஓங்கி நின்ற மண்ணே என்பது நினைக்க இனிய பொருத்தம்.

இவ்வாறே, ஊசியாலோ கட்டையாலோ ஆகியவை என்னும் செய்முறையை நோக்கினால் டாட்டிங் அவ்விரண்டினும் வேறானது. மூன்றாவது ஒரு வகை. நூலும் வெளியுமாக நிற்கும் பொருளை நோக்கினால் அது லேஸ். லேஸ் என்பது பொதுப்பெயர். டாட்டிங் என்பது சிறப்புப்பெயர். மறுப்போர் செய்த பிழை, பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராகக் கொண்டதே.

செய்முறையை அறவே மறந்துவிடலாகாது என்பதும் உண்மை. பாபநாசத்திற்குக் கிழக்கே உள்ள வீரவநல்லூரில் நெய்யப்படும் செடிபுட்டாச் சேலை இதற்குச் சான்று. அதிலுள்ள செடியும் பூவும் ஊசியால் இட்ட பூவேலை போலத் தோன்றும்; ஆனால் அவை தறியிலேயே நெசவின் போக்கிற் சேர்க்கப்பட்டவை. 2023-இல் அச்சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோற்றத்தைக் கண்டு அதனைப் பூத்தையல் என்போர் நெசவாளரின் திறமையை அறியாதவரே. பொருளின் தோற்றம், ஆக்கம் ஆகிய இரண்டையும் கண்டே பெயரிடல் வேண்டும். டாட்டிங்கின் தோற்றத்தையும் ஆக்கத்தையும் கண்ட பின்னரே அதனை லேஸ் என்று மேலே துணிந்தோம்.

இனிச் சொல்லின் வேரை நோக்குவோம். லேஸ் என்னும் ஆங்கிலச் சொல், இலத்தீன் மொழியில் சுருக்குக் கயிற்றைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதாவது, நம் கண்ணி என்னும் சொல்லின் பொருளே அதன் வேர்ப்பொருள். காலணியை இறுக்கிக் கட்டும் கயிற்றையும் ஆங்கிலேயர் இன்றளவும் லேஸ் என்பது இதனாலேயே. டாட்டிங்கோ முழுவதும் சுருக்கால் ஆவது. ஒவ்வொரு வளையமும் இழுத்து மூடிய ஒரு சுருக்கு. இத்தாலியில் இதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்றான ‘ஓக்கி’ என்பதற்குக் கண்கள் என்று பொருள். அப்பெயரையே ஜெர்மானியரும் மேற்கொண்டனர். கண், கண்ணி என்று தமிழர் நூலின் வளைவிற் கண்டதையே தொலைநாட்டாரும் கண்டனர் என்பது வியப்பிற்குரியது. வேர்ச்சொல் ஒன்றே நடுவராயின், கட்டை லேஸைவிட டாட்டிங்கிற்கே லேஸ் என்னும் பெயரில் உரிமை மிகுதி.

ஆனால் வேர்ச்சொல்லை நடுவராக வைத்தல் முறையன்று. எண்ணெய் என்பது எள்ளின் நெய். எனினும் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் என்று தயங்காது கூறுகிறோம். சொல் தன் வேரை விட்டுப் படர்ந்து வளர்தல் இயல்பு. லேஸ் என்னும் சொல்லும் அவ்வாறே வளர்ந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809-ஆம் ஆண்டுகளில் கட்டை லேஸின் வலையைப் பொறியால் ஆக்கும் முறைக்கு உரிமைச் சான்று பெற்றார். அதன்பின் பொறி லேஸ் மலைமலையாகக் குவிந்தது. அதனை லேஸ் என்று வாங்குவோரும் விற்போரும் கூறினர். இன்றும் கடைவீதியில் பாவாடைக்கும் சட்டைக்கும் வைத்துத் தைக்க நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அதுவே. பொறி கக்கியதை லேஸ் என ஏற்றுக்கொண்ட உலகம், விரல்கள் முடிந்ததை லேஸன்று எனத் தள்ளுமாயின், அதில் நடுவுநிலை யாது?

தள்ளியதற்கு உண்மையான காரணம் வேறொன்று எனத் தோன்றுகிறது. பிரெஞ்சு மக்கள் டாட்டிங்கை ‘பிரிவோலித்தே’ என்றனர். அற்ப விளையாட்டு என்பது அதன் பொருள். இத்தாலியரோ வீண்பேச்சுப் பேசுவதைக் குறிக்கும் சொல்லாலும் இதனை வழங்கினர். கூடத்தில் அமர்ந்து உரையாடிக்கொண்டே செய்யக்கூடிய வேலை, சட்டைப் பையில் அடங்கும் கருவி, பெருஞ்செலவு வேண்டாதது. எளிதில் எடுத்துச் செல்லக்கூடியது என்பதனாலேயே அது எளியது என்று எண்ணப்பட்டது. ருமேனிய நாட்டு அரசியாயிருந்த எலிசபெத், கார்மென் சில்வா என்னும் புனைபெயரால் கவிதைகள் இயற்றியவர். அவரே டாட்டிங்கில் வல்லவர். 1910-இல் ஹோர் சீமாட்டியார் டாட்டிங் கலையைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு அவ்வரசி முன்னுரை வழங்கினார். அரசி கையிலெடுத்த பின்னும் ‘விளையாட்டு’ என்னும் பெயர் அதனை விட்டு நீங்கவில்லை.

விளையாட்டு என்று பெயரிடுவதால் விளையும் தீங்கை அறிய அயல்நாட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆந்திர நாட்டில், கோதாவரிக் கரைப் பகுதியில் நரசாபுரம் என்னும் ஊர் உளது. கொக்கியூசியாற் செய்யும் குரோஷே என்னும் கைவேலை, 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிமாரால் அங்குப் பரவியது. குரோஷேயும் டாட்டிங்கைப் போலவே மெய் லேஸ் அன்று எனச் சிலரால் தள்ளப்பட்டதே. ஆயினும், 1845-இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் அயர்லாந்து நாட்டு ஏழைக் குடும்பங்கள் பலவற்றிற்கு அவ்வேலை கஞ்சி வார்த்தது. ‘ஐரிஷ் லேஸ்’ என்றே உலகம் அதனைப் போற்றியது. நரசாபுரத்துப் பெண்களின் வேலையும் கடல் கடந்து விலைபோயிற்று. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியை அவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இது: அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தனர், ஆயினும் அவர்களை எவரும் தொழிலாளர் என எண்ணவில்லை. வீட்டிலிருக்கும் பெண்டிர் ஓய்வு நேரத்திற் செய்வது என்றே வணிகர் கூறினர். ஓய்வு நேர வேலைக்கு என்ன கூலி கேட்பது? மிகச் சிறு கூலியே கிடைத்தது. 2024-இல் நரசாபுரம் குரோஷே லேஸ் புவிசார் குறியீடு பெற்றது. குறியீட்டின் பெயரிலேயே லேஸ் என்னும் சொல் இடம்பெற்றிருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பாபநாசத்திற்கும் இக்கதையில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி உடன்பிறந்தார், பொருநையின் நீர்வலியைப் பயன்கொள்ளக் கருதி, பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் நூலாலை நிறுவினர். மலையினின்றும் இறங்கிய நீர் கதிர்களைச் சுழற்றிற்று, பஞ்சு நூலாயிற்று. அவ்வாலையைத் தன்னகத்தே கொண்ட மதுரா மில்ஸ், 1974-இல் ஸ்காட்லாந்து நாட்டுப் பைஸ்லி நகரில் தோன்றிய கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் என்னும் பெயர் பெற்றது. கோட்ஸ் நிறுவனமோ தையல் நூலுக்கும், குரோஷே, டாட்டிங் முதலிய கைவேலை நூலுக்கும் உலகெங்கும் பெயர்பெற்றது.

நூலின் தன்மை டாட்டிங்கிற்கு இன்றியமையாதது. மிக்க முறுக்கும் வழவழப்பும் உடைய நூலே முடிச்சினூடே வழுக்கிச் செல்லும். தளர்ந்த நூலாயின் வளையம் பாதியில் நின்றுவிடும். வலிந்து இழுத்தால் அறும். இன்னும் ஒரு செய்தி. குரோஷே வேலையில் முடிவு நூலை அவிழ்த்து இழுத்தால், செய்த அனைத்தும் வரிசையாகப் பிரிந்து வந்துவிடும். பிழை நேர்ந்தால் பிரித்து மீண்டும் செய்யலாம். டாட்டிங்கில் அது இயலாது. மூடிய வளையம் எளிதில் திறவாது. முடிச்சைத் திறக்க நுண்ணிய ஊசியும் நல்ல கண்ணொளியும் வேண்டும். பல சமயங்களில் நூலை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாகும். அதே காரணத்தால், பல்லாண்டுகள் துவைத்து உடுத்த ஆடையின் ஓரத்திலும் டாட்டிங் குலையாது நிற்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தால் அந்த வளையமே கெடும். அடுத்த வளையம் தன் முடிச்சுகளைப் பற்றிக்கொண்டு அப்படியே இருக்கும்.